ஸ்ப்ளெண்டருக்கு வீட்டில முதல்தரம் ஒயில் மாத்துறது: எந்த இடத்தில பிழைக்கும்?

பாலையூற்று_100சிசி கேட்டது:

வணக்கம் அண்ணாமார். பைக் ஹீரோ ஸ்ப்ளெண்டர் 100 சிசி, காபரேற்றர் மொடல். இவ்வளவு நாளும் கராஜிலதான் ஒயில் மாத்தினது, இந்தமுறை வீட்டு முற்றத்தில நானே மாத்தப் போறன். 17ஆம் நம்பர் ரிங் ஸ்பானர், புனல், பழைய பேசின், ரப்பர் கையுறை எல்லாம் இருக்கு. இறுக்குற பலத்தை அளந்து காட்டுற ரோர்க் ரெஞ்ச் இல்லை.

தெரியவேண்டியது இதுதான். எஞ்சின் சூட்டோட வடிக்கிறதா, ஆறின பிறகா? ஃபில்டர் எங்க இருக்கு, அதையும் மாத்தவேணுமா? எவ்வளவு ஊத்துறது? ஒருத்தர் 900 மில்லி எண்டுறார், இன்னொருத்தர் ஒரு லீற்றர் போத்தலை அப்பிடியே கவுக்கச் சொல்லுறார். ஒயில் வடிக்கிற ட்ரெயின் போல்ட்டை எவ்வளவு இறுக்குறது? கடையில 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 மூண்டும் இருக்கு, எதை எடுக்கிறது? கழிவு ஒயிலை என்ன செய்யிறது?

மட்கோ_ஸ்பானர் பதில்:

ஃபில்டர்க் கேள்வியை முதல்ல முடிப்பம். ஸ்ப்ளெண்டரில கழட்டி எறிஞ்சுபோட்டுப் புதுசு போடுற கடதாசி ஃபில்டர் இல்லை. உள்ளுக்கு ஒரு கம்பி வலையும், கிராங்க் எண்ட எஞ்சின் தண்டோட சேர்ந்து சுத்துற ஒரு சுழல் ஃபில்டரும் இருக்கு. சுத்துற வேகத்தில பாரமான அழுக்கு ஓரத்துக்கு எறியப்பட்டு அங்கயே ஒட்டிக்கொள்ளும். இந்த ரெண்டையும் கழுவுறதெண்டால் வலப்பக்க எஞ்சின் கவரைக் கழட்டி, திரும்பப் பூட்டேக்க கவர் ஒழுகாமல் நடுவில வைக்கிற கஸ்கற்றையும் புதுசாப் போடவேணும். முதல்தர வேலையில அதில கை வைக்காதேங்கோ. இப்ப ஒயிலை மட்டும் மாத்துங்கோ. கவர் வேலையைப் பெரிய சேர்விஸ் வரேக்க ஒரு கராஜ் பாஸிட்டச் செய்விக்கலாம்.

சூடு பாதிச் சூடாக இருக்கவேணும். ஸ்டாட் பண்ணி மூண்டு நாலு நிமிசம் நிண்ட இடத்திலயே ஓடவிட்டு நிப்பாட்டுங்கோ. ஒயில் இளகும், அடியில படிஞ்ச அழுக்கு கலங்கி அதோடயே வெளியில வரும். நிலாவெளி வரைக்கும் தூரம் ஓடிப் போய்வந்த கையோட கழட்டவேண்டாம். அந்தச் சூட்டு ஒயில் கையைக் கொப்பளிக்க வைக்கும், சைலன்சர் குழாயும் முழங்கைக்குப் பக்கத்திலதான் இருக்கு. தூரம் ஓடி வந்திருந்தால் இருபது நிமிசம் ஆறவிடுங்கோ.

பைக் சமதளத்தில, நடு ஸ்ராண்டில நிக்கவேணும். முற்றம் மணலெண்டால் ஸ்ராண்ட் ஒரு பக்கம் புதைஞ்சு பைக் சரியும், பிறகு ஒயில் அளவு பிழையாக் காட்டும். ஸ்ராண்டுக்குக் கீழ நீளமான ஒரு பலகையைப் போடுங்கோ. எஞ்சினுக்குக் கீழ கடதாசி மட்டை விரிச்சு அதுக்கு மேல பேசினை வையுங்கோ.

போல்ட்டைத் தொட முதல் ரெண்டு வேலை இருக்கு. ஒண்டு, ஒயில் ஊத்துற மூடியையும் ட்ரெயின் போல்ட்டையும் சுத்தி இருக்கிற மணல், சேறு எல்லாத்தையும் பிரஷ்ஷால தட்டி, மண்ணெண்ணெய் தோய்ச்ச சீலையால துடையுங்கோ. கடற்கரை ஊரில மூடியைச் சுத்தி மணல் இல்லாத பைக் கிடையாது. மூடியைத் திறக்கேக்க அந்த மணல் உள்ள விழுந்தால் நேரா ஒயில் பம்புக்குத்தான் போகும். ரெண்டாவது, வலப்பக்கம் இருக்கிற ஊத்துற மூடியை முதல்ல கழட்டிப் பாருங்கோ. அது இறுகிக்கிடந்து, நீங்கள் கீழால ஒயிலை வடிச்சும் போட்டால் கராஜுக்குக் கூட பைக்கை ஓடிக்கொண்டு போக ஏலாது. மூடி திறந்திருந்தால் காத்து உள்ள போகும், ஒயிலும் விக்கல் இல்லாமல் வடியும்.

இனி ட்ரெயின் போல்ட். எஞ்சின்ர அடியில, நிலத்தைப் பாத்தபடி இருக்கும், 17 கொழுவும். அடிப்பக்கத்தில வால்வைத் திறக்கிற காம் தண்டின்ர செயினை இறுக்கிப் பிடிக்கிற ரென்சனரை மூடுற வேற ஒரு போல்ட்டும் இருக்கு. அதைக் கழட்டினால் உள்ளுக்கிருந்து ஸ்பிரிங் வெளியில வரும், திருப்பி அடுக்கத் தெரியாமல் நிக்கவேண்டி வரும். 17 ஸ்பானர் சரியாக் கொழுவுதோ எண்டு பாத்துப்போட்டுத்தான் பலம் குடுக்கவேணும்.

முதல்தரம் செய்யிற ஆக்கள் போல்ட் ஏறுற நூலை, அதாவது மரையை, உரிக்கிறது பெரும்பாலும் இறுக்கேக்க இல்லை, கழட்டேக்கதான். போல்ட் தலைகீழா நிக்குது. கீழ படுத்து அதின்ர தலையை நேர பாத்தால் இடஞ்சுழியாச் சுத்தக் கழரும். ஆனால் நீங்கள் பைக்குக்குப் பக்கத்தில குந்தியிருந்து மேலால பாத்தபடி கையை உள்ள விடுறீங்கள், அப்ப அதே சுத்து உங்கட கண்ணுக்கு வலஞ்சுழியாத் தெரியும். இது விளங்காமல் எதிர்ப்பக்கம் சுத்தி, "இறுகிக்கிடக்கு" எண்டு நினைச்சு இன்னும் இன்னும் பலம் குடுத்து, அலுமினிய நூலை உரிச்சுப்போடுவினம். ஒருக்கா நிலத்தில தலையைச் சாய்ச்சு போல்ட்டை நேரா ஒரு பார்வை பாருங்கோ, பிறகு குழப்பமே வராது.

முதல் அசைவு வந்த பிறகு கையால சுத்துங்கோ. கடைசி ரெண்டு மூண்டு நூலுக்கு போல்ட்டை மேல பாக்க அமத்திப் பிடிச்சுக்கொண்டே சுத்தி, முழுக்கக் கழண்டது தெரிஞ்சதும் ஒரே இழுவையில கையை எடுத்துவிடுங்கோ. ஒயில் முதல்ல சரிஞ்சு கொஞ்சம் தள்ளிப் பாயும், வேகம் குறையக் குறைய நேர கீழ விழும். பேசின் அகலமா இருக்கவேண்டியது அதுக்குத்தான். பத்துப் பதினைஞ்சு நிமிசம் வடியட்டும். சாவி ஓஃபில இருக்க கிக்கரை மூண்டு நாலுதரம் மெதுவா மிதிச்சால் பம்புப் பக்கம் நிண்டதும் வரும்.

வடியிற நேரத்தில போல்ட்டைத் துடைச்சு வெயில்ல பிடிச்சுப் பாருங்கோ. சாம்பல் நிறத்தில மாவு போல ஏதும் ஒட்டியிருந்தால் அது வழமையான தேய்மானம். விரலுக்கிடையில உரசேக்க குத்துற சீவல், மினுங்குற துண்டு இருந்தால் அதை ஒரு கடதாசியில எடுத்து வைச்சு பாஸிட்டக் காட்டுங்கோ. கறுத்த நார் போல வந்தால் கிளச் பிளேற் தேயுது. ஒயில்ல பெற்றோல் மணந்தால், அல்லது பழைய ஒயில் நீங்கள் ஊத்தினதை விடக் கூட வந்தால், காபரேற்றர் ஊசி அடைபடாமல் பெற்றோல் எஞ்சினுக்குள்ள இறங்குது. அதைத் திருத்தாமல் புது ஒயில் ஊத்துறது வீண்செலவு.

வாசர் அலுமினியம். ஒருக்கா நசிஞ்சுதான் அது இடைவெளியை அடைக்கிறது, ஆனபடியால் ஒவ்வொரு தரமும் புதுசு போடுங்கோ, 12 மில்லிமீற்றர் துளை எண்டு கேளுங்கோ. பழைய வாசர் எஞ்சினோடயே ஒட்டிக்கொண்டு நிண்டிருக்கும், நகத்தால ஒருக்கா தடவிப் பாருங்கோ. கவனிக்காமல் அதுக்கு மேல புதுசையும் போட்டால் ரெண்டு வாசருக்கும் நடுவால ஒழுகும்.

பூட்டுறது முழுக்கக் கையால. ஸ்பானரைத் தொடமுதல் போல்ட் விரலாலயே கடைசிவரை போகவேணும். இடையில இறுகினால் நூல் குறுக்கே ஏறிப்போச்சு, திரும்பக் கழட்டி நேரா வைச்சுத் தொடங்குங்கோ. 12 மில்லிமீற்றர் ட்ரெயின் போல்ட்டுக்கு ஹொண்டா வழிவந்த எஞ்சின்களில 24 நியூட்டன் மீற்றர்தான் கணக்கு. ரோர்க் ரெஞ்ச் இல்லாதவைக்கு அதை இப்பிடிச் சொல்லலாம்: போல்ட்டிலயிருந்து 20 சென்ரிமீற்றர் தள்ளி ஸ்பானரைப் பிடிச்சு, 12 கிலோ பாரம் தூக்குற அளவு பலம். ஒரு கைப்பலம் போதும். வாசர் தட்டின பிறகு ஏறத்தாழ கால் சுத்து, அவ்வளவுதான். ஸ்பானரில குழாய் கொழுவி நீட்டுறது, காலால மிதிக்கிறது ரெண்டையும் இந்தப் போல்ட்டில ஒருநாளும் செய்யாதேங்கோ.

ஊத்துற அளவுக்கு போத்தலைப் பாக்காதேங்கோ, ஊத்துற மூடியோட சேர்ந்திருக்கிற அளவுகோலைப் பாருங்கோ. கையேட்டில ரெண்டு கணக்கு இருக்கும்: எஞ்சினை முழுக்கப் பிரிச்சுப் பூட்டினால் ஒண்டு, வடிச்சு ஊத்தினால் இன்னொண்டு. ரெண்டாவது குறைவு, ஏனெண்டால் வடிச்சாலும் கொஞ்சம் உள்ள நிண்டுகொள்ளும். ஒருத்தர் 900 எண்டும் இன்னொருத்தர் ஒரு லீற்றர் எண்டும் சொல்லுற குழப்பம் இதாலதான். முதல்ல 700 மில்லிலீற்றர் ஊத்துங்கோ. ஒரு நிமிசம் கழிச்சு அளவுகோலைத் துடைச்சு உள்ள வையுங்கோ. வைக்கிறது மட்டும், முறுக்கிப் பூட்டக்கூடாது. பூட்டிப் பாத்தால் கோல் இன்னும் கீழ இறங்கி, ஒயில் கூட இருக்கிற மாதிரிக் காட்டும், நீங்களும் குறைய ஊத்தி விட்டிருவீங்கள். பிறகு 50, 50 மில்லியாச் சேர்த்து மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழ நிப்பாட்டுங்கோ. ஸ்டாட் பண்ணி ரெண்டு மூண்டு நிமிசம் ஓடவிட்டு, நிப்பாட்டி, இன்னும் ரெண்டு மூண்டு நிமிசம் பொறுத்துத் திரும்ப அளவுங்கோ. அந்த ரெண்டாவது அளவுதான் கணக்கு. ஒரு லீற்றர் போத்தலில கொஞ்சம் மிஞ்சினால் மூடி வையுங்கோ, இடையில குறைஞ்சால் ஊத்த உதவும்.

கூட ஊத்தினால் என்ன எண்டு கேட்பினம். சுத்துற பாகங்கள் ஒயிலை அடிச்சு நுரைக்க வைக்கும். நுரை பம்பில ஏறினால் அழுத்தம் கிடையாது. மிச்சம் மூச்சுக்குழாயால எயார் ஃபில்டர் பெட்டிக்குள்ள போய் நீலப் புகை வரும், சீல்களும் ஒழுகத் தொடங்கும். குறைய ஊத்தினால் முதல்ல அடிவாங்கிறது மேல இருக்கிற காம். ரெண்டுமே கெடுதல்தான்.

உவர்மலை_கிளச் பதில்:

மேல எல்லாம் சரியா வந்திட்டுது, நான் ஒயில்த் தெரிவை மட்டும் சொல்லுறன்.

போத்தலின்ர முன்பக்கப் படத்தை விட்டுட்டு பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கோ. ஜப்பான் தர அளவான "ஜாசோ எம்.ஏ." அல்லது "எம்.ஏ.2" எண்ட முத்திரை கட்டாயம் இருக்கவேணும். கியர் பைக்கில எஞ்சின், கியர்பெட்டி, கிளச் மூண்டும் ஒரே ஒயில்லதான் குளிக்குது. கார் ஒயில்கள் சிலதில எரிபொருள் மிச்சம் பிடிக்கவெண்டு உராய்வைக் குறைக்கிற மருந்து சேர்ப்பினம். அது கிளச் பிளேற்றில பட்டால் வழுக்கும்: அக்சிலேற்றரைத் திருக எஞ்சின் கத்தும், பைக் போகாது, மேட்டில ரெண்டு பேரோட ஏறேக்க வடிவாத் தெரியும். "ஜாசோ எம்.பி." எண்டது ஸ்கூட்டருக்கு. அங்க கிளச் ஒயில்ல நனையிறதில்லை, அதனால பரவாயில்லை. ஸ்ப்ளெண்டருக்கு அதை வாங்கவேண்டாம்.

இனி நம்பர். ஹீரோ இந்த எஞ்சினுக்கு 10டபிள்யூ-30தான் சொல்லுது. டபிள்யூவுக்கு முன்னால இருக்கிறது குளிரில ஸ்டாட் பண்ணுற கணக்கு. மார்கழி விடியக்காலையிலயும் எங்கட ஊரில அந்தப் பிரச்சினை இல்லை. பின்னால இருக்கிறதுதான் சூட்டில நிக்கிற தடிப்பு, 100 பாகை செல்சியசில அளந்தது. எஞ்சின் நல்லா இருந்து, புகை இல்லாமல், ஒயிலும் குறையாமல் இருந்தால் 10டபிள்யூ-30ஐ மாத்தாதேங்கோ. பழைய எஞ்சின், சேர்விசுக்கு இடையில அளவு இறங்குது, சூட்டில காம் பக்கம் சத்தம் வருது எண்டால் 20டபிள்யூ-40 நியாயமான தெரிவு. 20டபிள்யூ-50ஐ இந்தச் சின்ன எஞ்சினுக்கு வேண்டாமெண்டுதான் சொல்லுவன். அது பஜாஜ் பல்சர் போன்ற வேற எஞ்சின்களுக்குச் சொல்லப்பட்டது, இதில இழுவை கூடி பெற்றோல்தான் செலவாகும்.

சேர்வோ ஒயில் வகை கலக்கிற ஆலை எங்கட திருகோணமலைச் சீனக்குடாவிலயே இருக்கு. காஸ்ரோல், ஹவோலின் எதுவெண்டாலும் சரி, நம்பரும் ஜாசோ முத்திரையும் பொருந்தினால் பேருக்காகக் கூடக் காசு குடுக்கத் தேவையில்லை. மூடிக்குக் கீழ இருக்கிற ஈயத்தாள் சீல் உடையாமல் இருக்கோ எண்டு கடையிலயே பாருங்கோ. பீப்பாயில இருந்து அளந்து தாற ஒயில் எவ்வளவு மலிவெண்டாலும் வேண்டாம், உள்ளுக்கு என்ன இருக்கெண்டு அறிய வழியில்லை. முழுச் செயற்கை ஒயிலும் இந்த எஞ்சினுக்கு அவசியமில்லை. சாதாரண மினரல் ஒயிலை நேரத்துக்கு மாத்துறதுதான் நல்லது. ரவுணுக்குள்ள கிட்டக் கிட்ட ஓட்டமெண்டால் 2500, 3000 கிலோமீற்றரில மாத்துங்கோ, ஓட்டம் குறைவெண்டாலும் ஆறு மாதத்துக்கு மேல விடாதேங்கோ. 500 கிலோமீற்றரிலயே ஒயில் கறுத்துப்போச்செண்டு பயப்படவேண்டாம். அழுக்கைத் தனக்குள்ள பிடிச்சு வைக்கிற மருந்து வேலை செய்யுதெண்டு அர்த்தம்.

பாலையூற்று_100சிசி:

நல்ல நன்றி. இண்டைக்குத் தொடங்கினன். போல்ட் துளியும் அசையேல்லை. பக்கம் சரிதான், கீழ படுத்துப் பாத்திட்டன். தலையில துரு, ஒரு மூலை கொஞ்சம் மழுங்கின மாதிரியும் கிடக்கு. நிப்பாட்டிப்போட்டன். என்ன செய்யலாம்?

மட்கோ_ஸ்பானர்:

நிப்பாட்டினது சரி. உப்புக்காத்தில தலை துருப்பிடிக்கும், அதோட இரும்பு போல்ட்டும் அலுமினிய எஞ்சினும் உப்பீரத்தில ஒண்டையொண்டு அரிச்சுப் பிடிச்சுக்கொள்ளும். கம்பி பிரஷ்ஷால துருவைத் தட்டுங்கோ. துரு இளக்கிற ஸ்பிரேயை போல்ட் எஞ்சினோட சேருற வளையத்தில அடிச்சு ஒரு இரவு விடுங்கோ. அடுத்தநாள் எஞ்சினை அதே பாதிச் சூட்டுக்குக் கொண்டுவாங்கோ. சூட்டுக்கு அலுமினியம் இரும்பை விடக் கூட விரியும், பிடி தளரும். பிறகு போல்ட்டின்ர தலையில மட்டும் சின்னச் சுத்தியலால நாலைஞ்சு தட்டு. எஞ்சின் உடலில ஒண்டும் படக்கூடாது, வார்ப்பு வெடிச்சால் அந்தச் செலவு வேற கதை.

ஸ்பானரையும் மாத்துங்கோ. மூலை மழுங்கின தலைக்கு 12 மூலை ரிங் வழுக்கும். ஆறு மூலை சொக்கெட் ஒண்டு இரவல் வாங்கி, தலையை முழுக்க மூடுற மாதிரி அடிச்சுக் கொழுவி, ஒரு கையால சொக்கெட்டை அமத்திக்கொண்டு மற்றக் கையால இழுங்கோ. சடார் எண்டு ஒரே இழுவை. மெதுவாக் கூட்டிக் கூட்டிக் குடுக்கிற பலம்தான் மூலையை வழிக்கிறது. அதுக்கும் வராட்டில் விட்டுட்டு கராஜுக்குப் போங்கோ, ஒயில் உள்ள இருக்கிறபடியால் ஓடிக்கொண்டு போகலாம். கழண்டதும் புது போல்ட் ஒண்டு வாங்கிப் போடுங்கோ, பழசைத் திரும்பப் பூட்டவேண்டாம்.

நூல் உரிஞ்சு வந்தால் ரெஃப்லோன் ரேப் சுத்துறது, பசை அப்புறது எல்லாம் வேண்டாம். அந்தத் துண்டுகள் உள்ள போய் கம்பி வலையை அடைக்கும், ஒயில் ஏறாமல் எஞ்சின் பிடிச்சுப்போகும். லேத்காரரிட்டச் சொன்னால் ஹெலிகொயில் எண்ட கம்பிச்சுருளை வைச்சு அதே 12 அளவுக்குப் புது நூல் எடுத்துத் தருவினம். பெரிய போல்ட்டைத் திணிச்சு நூல் வெட்ட விடாதேங்கோ, சுவர் மெலிஞ்சு பிறகு வெடிக்கும்.

கிண்ணியா_ரெண்டுசில்லு பதில்:

தம்பி, மழைக்காலம் வர முதல் இதையும் தெரிஞ்சு வெச்சுக்கங்க. ஐப்பசி பிறந்து தை வரைக்கும் நம்மட பக்கம் ரோட்டுல தண்ணி நிக்கும். எஞ்சின் மட்டத்துக்குத் தண்ணியில ஓடினா, சூட்டு எஞ்சின் சடுதியா ஆறி உள்ளுக்கு இழுக்கும், மூச்சுக்குழாய் வழியாத் தண்ணி போயிரும். அளவுகோலை எடுத்துப் பாருங்க. ஒயில் பால் தேத்தண்ணி நிறத்துக்கு வந்திருந்தா அதுல தண்ணி கலந்திருக்கு. அதோட ஓடினா பேரிங் போயிரும். உடனே வடிச்சு, அதே நம்பருல மலிவான ஒயில் ஊத்தி, நிண்ட இடத்துலயே அஞ்சு பத்து நிமிசம் ஓடவிட்டு அதையும் வடிச்சிட்டுத்தான் நல்ல ஒயில ஊத்தணும். தண்ணிக்குள்ள நிண்டுபோன பைக்குன்னா ஸ்டாட் பண்ணவே வேணாம். பிளக்கைக் கழட்டி, கிக்கரை மிதிச்சு, சிலிண்டருக்குள்ள தண்ணி இருந்தா வெளியேத்திட்டு மற்ற வேலையப் பாருங்க.

மூடியோட உட்பக்கத்துல மட்டும் கொஞ்சம் வெள்ளைப் பசை, கோல்ல ஒயில் தெளிவு, இப்பிடி இருந்தா பயமில்ல. கிட்ட ஓட்டத்துல எஞ்சின் முழுசாச் சூடேறாம நிக்கிற ஈரம் அது. வாரத்துல ஒருக்கா நிலாவெளி வரைக்கும் ஒரே ஓட்டமாப் போய் வந்தீங்கன்னா ஆவியாப் போயிரும்.

கழிவு ஒயில கானுக்குள்ள ஊத்திராதீங்க. ரவுண் கானெல்லாம் கடைசியில கடலுக்குத்தான் போகுது, மீன் பிடிச்சுத் திங்கிற கடல் அது. நிலத்துல ஊத்தினா இன்னும் மோசம், நம்மட பக்கம் மணல் தரை, கிணத்துத் தண்ணியும் மேலாலதான் நிக்குது. வேலிக் கட்டைக்குக் கறையானுக்குப் பூசுற பழக்கம் இருக்கு, கிணத்துக்குக் கிட்ட அதுவும் வேணாம். குப்பையோட சேர்த்து எரிக்கவும் வேணாம். புது ஒயில் வந்த போத்தல்லயே புனலை வெச்சு ஊத்தி மூடி, பெரல்ல சேக்கிற சேர்விஸ் ஸ்டேசன்ல குடுத்திருங்க. அதுக்குள்ள தண்ணியோ மண்ணெண்ணெயோ கலக்காதீங்க, கலந்தா அவங்களும் எடுக்கமாட்டாங்க. கையுறையும் கழட்டாதீங்க. பழைய எஞ்சின் ஒயில் திரும்பத் திரும்பத் தோல்ல பட்டா தோல் புற்றுநோய் வர இடமிருக்கு. கழுவுறதுக்குப் பெற்றோல் பாவிக்காம சவர்க்காரமும் கொஞ்சம் சீனியும் போட்டு உரசுங்க.

சாம்பல்தீவு_பல்சர்:

பல்சர் 150 வைச்சிருந்து இதை வாசிக்கிற ஆக்களுக்கு ஒரு சொல். அதில அளவுகோல் வைச்சுப் பாக்கிறதில்லை. வலப்பக்கம் கண்ணாடி வட்டம் இருக்கு, பைக்கை நிமித்தி வைச்சு ரெண்டு கோட்டுக்கும் நடுவில பாக்கவேணும். அதில மாத்துற ஃபில்டரும் இருக்கு, வாங்கேக்க அதின்ர ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளையும் சேர்த்துக் கேளுங்கோ. பழைய ஓ-ரிங்கைத் திரும்பப் போடுறதாலதான் பூட்டின பிறகு ஒழுகுது. ஸ்கூட்டர்க்காரர் பின் சில்லுப் பக்கம் கியர் ஒயில் தனியா இருக்கெண்டதை மறக்கவேண்டாம். சின்ன ஸ்கூட்டர்களில அது 100 மில்லி அளவுதான்.

பாலையூற்று_100சிசி:

போல்ட் கழண்டது, ஆறு மூலை சொக்கெட்டுக்கு ஒரே இழுவையில வந்தது. புது போல்ட், புது வாசர், 10டபிள்யூ-30 ஊத்தியாச்சு. அளவு மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழ நிக்குது. ஓடிப் பாத்த பிறகு போல்ட்டுக்குக் கீழ மெல்லிய ஈரம் தெரியுது. திரும்ப இறுக்கவா?

மட்கோ_ஸ்பானர்:

இப்ப இறுக்காதேங்கோ. வடிக்கேக்க எஞ்சின்ர அடியில வழிஞ்சு நிண்ட ஒயில்தான் பெரும்பாலும் அப்பிடி இறங்கும். நல்லாத் துடைச்சு, சுத்தமான கடதாசி மட்டையைக் கீழ விரிச்சு ஒரு இரவு விடுங்கோ. காலையில மட்டையில பொட்டு இல்லையெண்டால் வேலை முடிஞ்சுது. பொட்டு இருந்தால், போல்ட்டில இருந்துதான் வருதோ எண்டு விரலால தொட்டுப் பாத்துப்போட்டு, சின்ன ஸ்பானரால மணிக்கூட்டில ஒரு அஞ்சு நிமிசம் நகருற அளவுக்குக் கொஞ்சமா இறுக்குங்கோ. அதுக்கும் நிக்காட்டில் வாசர்தான் சரியா இருக்கேல்லை, திரும்ப வடிச்சு வாசரை மாத்தவேணும். சுத்தமான பேசினில வடிச்சால் அந்த ஒயிலையே திரும்ப ஊத்தலாம்.

கிலோமீற்றரை எழுதிச் சீற்றுக்குக் கீழ ஒட்டிவிடுங்கோ. முதல் 100 கிலோமீற்றர் கழிய அளவுகோலை இன்னொருக்கா பாருங்கோ.